சர்வேயரம்மா எடுத்த அளவுகள்

நில அளவை அலுவலகத்தில் மட்டுமல்ல, வீடு இருந்த தெருவிலும் அவளுக்குச் சர்வேயரம்மா என்றுதான் பெயர். ஆறடிக்கு இரண்டு விரற்கடை குறைவான உயரம், உயரத்துக்கேற்ற தோள், தோளுக்கேற்ற இடுப்பு. வெயிலில் முக்காலியை ஊன்றி, கருவியை ஏற்றி, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லைக்கல்லைத் தேடுகிறபோது, அதுவரை கத்திக்கொண்டிருந்த இரண்டு பக்கத்து மனைக்காரர்களும் வாயை மூடிக்கொண்டு அவளையே பார்ப்பார்கள். அவள் போட்ட கோட்டை எதிர்த்து மனு எழுதியவர்கள் உண்டு. ஜெயித்தவர்கள் இல்லை.

இத்தனை பேருக்கு இடத்தை அளந்து கொடுத்தவளுக்கு உடம்புக்குச் சரியாக ஒரு பேண்ட் கிடைக்கவில்லை.

முள்ளிலும் பள்ளத்திலும் இறங்குகிற வேலை. கனமான துணியில், நாலு பாக்கெட்டோடு பேண்ட் வேண்டும். துணிக்கடையில் பெண்கள் பகுதியில் இருப்பதெல்லாம் அவளுக்குத் தொடையில் சிக்கும், அல்லது கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடும். பாக்கெட் என்று தைத்திருப்பதில் ஒரு விரல் நுழையாது. "மேடம், ஜென்ட்ஸ் செக்‌ஷன் மாடியில இருக்கு" என்று விற்பனைப் பெண் ரொம்பப் பணிவாகச் சொல்வாள். அந்தப் பணிவுதான் அதிகமாக உறைக்கும். மாடிக்குப் போய் ஆண்கள் பேண்ட் எடுத்தால் இடுப்பின் அகலத்துக்குப் பொருந்துவது வயிற்றருகே இரண்டு முஷ்டி நுழையும் அளவுக்குத் தொளதொளவென்று நிற்கும். பெல்ட்டை இறுக்கினால் பின்பக்கம் கோணிப்பையின் வாயைச் சுருக்குப் போட்டதுபோல் ஆகிவிடும். இருபத்திரண்டு வருஷம் அப்படியே ஓடியது. சட்டையை வெளியே விட்டு மறைத்துக்கொள்வாள்.

அலுவலகத்தில் வரைபடம் போடுகிற பெண்மணி ஒருத்தி இருந்தாள். அவள்தான் ஒரு மதியம் தன் கம்ப்யூட்டரில் ஒரு வெளிநாட்டுக் கடையைக் காட்டினாள். "இங்க பாருங்க மேடம். காட்டுல, கட்டடத்துல வேலை பாக்குற பொம்பளைங்களுக்குன்னே தைக்கிறாங்க. உங்களை மாதிரியே ஒருத்தி போட்டுக்கிட்டு நிக்கிறா."

படத்தில் இருந்தவள் உண்மையிலேயே அவளைப் போலத்தான் இருந்தாள். சர்வேயரம்மாவுக்கு மனம் குதித்தது. உள்ளூரில் வாங்கிய ஒரு சட்டையின் கழுத்துப்பட்டையில் பதினாலு என்று போட்டிருந்தது நினைவுக்கு வர, பதினாலாம் அளவைத் தட்டிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து வந்த பேண்ட் முழங்காலுக்கு மேல் ஏறமாட்டேன் என்றது. கட்டிலில் படுத்து, மூச்சைப் பிடித்து, காலை உதைத்துப் பார்த்தாள். கணக்கு வாத்தியாரான கணவர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"பதினாலுன்னா பதினாலு வயசுன்னு நினைச்சுட்டாங்களோ என்னவோ" என்றார்.

"சும்மா நிக்காம இதைக் கழட்ட உதவி பண்ணுங்க."

அடுத்து வேறொரு நாட்டுக் கடை. அங்கே நாற்பது, நாற்பத்திரண்டு என்று ஏறிக்கொண்டு போயிற்று. பட்ட காயம் ஆறாததால் நாற்பத்தெட்டை எடுத்தாள். வந்ததைக் கணவர் கொடியில் காயப்போட்டதுபோல் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். "இதுல ஆளுக்கு ஒரு காலா நாம ரெண்டு பேருமே போட்டுக்கலாம்."

திருப்பி அனுப்பலாம் என்றால், அனுப்புகிற செலவு பேண்டின் விலையைத் தாண்டியது. இரண்டும் அலமாரியின் அடித்தட்டுக்குப் போயின. சர்வேயரம்மாவுக்கு அழுகை வரவில்லை, ரோஷம் வந்தது. ஊரான் நிலத்தைச் சென்டிமீட்டர் பிசகாமல் அளக்கிறவள் தன் இடுப்பிடம் இரண்டு முறை தோற்றிருக்கிறாள்!

வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் இதை ஒரு வழக்கு போலவே எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, தைக்கிற டேப்பையும் நோட்டையும் வைத்துக்கொண்டு இரண்டு கடைகளின் அளவுப் பட்டியல்களையும் வரிவரியாகப் படித்தாள். எந்த நிலத்தை அளந்தாலும் முதல் கேள்வி, எந்தப் புள்ளியிலிருந்து அளந்தாய் என்பதுதானே? அதைக் கேட்டவுடனே முடிச்சு அவிழத் தொடங்கிவிட்டது. பன்னிரண்டு, பதினாலு என்பதெல்லாம் எந்த அளவும் இல்லை, வெறும் பெயர். ஒரு நாட்டில் பன்னிரண்டு என்று அழைக்கப்படுவது இன்னொரு நாட்டில் எட்டு. அது போகட்டும், ‘இடுப்பு’ என்று போட்டிருக்கிறார்களே, அது எந்த இடுப்பு? ஒரு கடை தொப்புளுக்கு மேலே, உடம்பு ஒடுங்குகிற இடத்தைச் சொல்கிறது. இன்னொன்று பேண்ட் உட்காரும் இடத்தைச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் அவள் உடம்பில் பதினோரு சென்டிமீட்டர் வித்தியாசம். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியலில் இருப்பது போடுகிறவளின் உடம்பளவு. துணியின் அளவு எங்குமே இல்லை.

இருக்கிற ஆண்கள் பேண்டில் தொடைக்குச் சுகமான ஒன்றை எடுத்து மேசைமேல் சுருக்கமில்லாமல் விரித்தாள். தொடை, முழங்கால், முன்னிடுப்பிலிருந்து கவடு வழியாகப் பின்னிடுப்பு வரை, உட்கால் நீளம் என்று துணியை அளந்தாள். எங்கெங்கே டேப்பை வைத்தாள் என்று அம்புக்குறி போட்டு ஒரு படம் வரைந்தாள். அதை முதல் கடைக்கு அனுப்பி, ‘உங்கள் பேண்டை இதே மாதிரி மேசையில் போட்டு அளந்து சொல்ல முடியுமா?’ என்று கேட்டு எழுதினாள்.

நாலு நாளில் பதில் வந்தது. எழுதியவள் அந்தக் கடையின் கிடங்கில் துணி மடித்து அட்டைப்பெட்டியில் போடுகிறவள். இத்தனை வருஷத்தில் யாரும் இப்படிப் படம் போட்டு அனுப்பியதில்லை, கிடங்கில் எல்லோரும் கூடிப் பார்த்தோம் என்று எழுதியிருந்தாள். பதினெட்டாம் அளவையும் இருபதாம் அளவையும் அளந்து எண்களைக் கொடுத்திருந்தாள். கடைசியில் ஒரு வரி: ‘நீங்கள் கேட்ட மாடலில் தொடை சின்னது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் மாடலை எடுங்கள். நானும் பெரிய தொடைக்காரிதான்.’

அந்தப் பேண்ட் வந்த அன்று சர்வேயரம்மா அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், எழுந்தாள், நாற்காலிமேல் ஏறினாள், கட்டிலடியில் குனிந்தாள். எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. பாக்கெட்டில் முழங்கை வரை கை போயிற்று. மறுநாள் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். வரைபடக்காரி எழுந்து நின்று கை தட்டினாள்.

விஷயம் கசியாமல் இருக்குமா? ஒவ்வொருத்தியாக வர ஆரம்பித்தார்கள். மதிய இடைவேளையில் பழைய வரைபடங்கள் வைக்கிற அறையைத் தாழ்போட்டுக்கொண்டு சர்வேயரம்மா அளப்பாள். சம்பளத்தைக்கூடச் சொல்லிவிடுகிற பெண்கள் இடுப்பளவைச் சொல்ல மென்று விழுங்கினார்கள். டேப்பைச் சுற்றியதும் எல்லோரும் ஒருசேர வயிற்றை எக்குவார்கள்.

"வயித்தை விடும்மா. அளக்க வந்திருக்காங்கன்னு நிலம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டா நிக்குது?"

சிரித்ததும் வயிறு தானாகத் தன் இடத்துக்கு வந்துவிடும். அப்போது எடுத்த அளவுதான் அவளுக்குச் செல்லுபடி.

அண்ணி மட்டும் வரவில்லை.

அண்ணி என்றது கணவரின் அக்காவை. அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டால், "தண்ணியில இருந்து வெளிய வரவே நேரம் இல்ல, இதுல மாப்பிள்ளையை எப்ப பாக்குறது?" என்பார். நகராட்சி நீச்சல் குளத்தில் பெண்களுக்குப் பயிற்சியாளர். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த ஊரில் பாதிப் பெண்களை மிதக்க வைத்தவர். நாக்கு மட்டும் கத்தி. தம்பி இந்த நெட்டைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்த நாளில், "பல்பு மாட்ட இனி ஏணி தேவையில்ல" என்று சொன்னவர். அதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு பேரும் சிநேகிதிகள் ஆனார்கள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அண்ணிக்கு இடது மார்பில் கட்டி வந்து, மார்பையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. மருந்து, மருத்துவமனை என்று எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தார். முடி திரும்ப முளைத்தது, சுருளாக. "இனிமே தாராளமா நீந்தலாம்" என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் அண்ணி தண்ணீரில் இறங்கவில்லை. குளத்தின் நுழைவாயிலில், உடைகளை வைக்கிற பெட்டிகளின் சாவிகளையும் துண்டுகளையும் கொடுத்து வாங்குகிற மேசைக்கு வேலையை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். மருந்து டப்பாவை மறந்துவிட்டுப் போனாரென்று ஒரு நாள் சர்வேயரம்மா அதைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் குளம் நீலமாகத் தளும்பிக்கொண்டிருந்தது. அண்ணி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சர்வேயரம்மா டப்பாவை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். ஏன் என்று கேட்டிருந்தால் கத்தி வெளியே வந்திருக்கும்.

அதற்கு ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அண்ணி மேலே வந்தார். தம்பி வீட்டில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஒரு விஷயம். எங்க குளத்துக்கு வர்ற ஒருத்திக்கு."

"சொல்லுங்க அண்ணி."

"அவளுக்கு என்னை மாதிரியே ஆபரேஷன். நீச்சலுடை வேணுமாம். சாதாரணமா கிடைக்கிறதைப் போட்டா ஒரு பக்கம் சுருங்கித் தொங்குதாம். வெளிநாட்டுல உள்பை வச்சுத் தைக்கிறாங்களாம். அந்தப் பைக்குள்ள மார்பு மாதிரி செஞ்சதை வச்சுக்கிட்டா, பாக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாதாம்." மடித்து வைத்திருந்த காகிதத்தை நீட்டினார். கடையின் பெயரும் மாடலின் எண்ணும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பல நாள் மடித்துப் பிரித்ததில் காகிதம் நாலாகக் கிழியப் பார்த்தது.

சர்வேயரம்மாவுக்குப் புரியாமல் இல்லை. முகத்தை மாற்றாமல், "அவங்களை ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன், அளந்துடலாம்" என்றாள்.

"அவ வரமாட்டா. ரொம்பக் கூச்சம்." அண்ணி ஜன்னலைப் பார்த்தார். "அவளும் நானும் ஒரே அளவுதான். என்னையே அளந்துக்கோ."

"சரி. உள்ள வாங்க."

படுக்கையறையில் திரையை இழுத்துவிட்டு, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு மேல்சட்டையைக் கழற்றினார். திரும்புவதற்குச் சற்று நேரம் ஆயிற்று. திரும்பியபோது, இடது பக்கம் அக்குளிலிருந்து நடுநெஞ்சு வரை ஒரு கோடு வெளிறிப்போய் ஓடியது. அந்தப் பக்கம் தட்டை. சர்வேயரம்மா பார்க்காததுபோல் நடிக்கவில்லை. எந்த இடத்தை அளக்கப் போனாலும் முதலில் முழுசாக ஒரு பார்வை பார்ப்பது அவள் வழக்கம், அப்படியே பார்த்தாள்.

"நல்லா ஆறியிருக்கு அண்ணி."

"ம்."

பட்டியலில் மார்புச் சுற்றளவு கேட்டிருந்தது. டேப்பைச் சுற்றினால் வருவது பாதி உண்மைதான். சர்வேயரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, அண்ணியின் முதுகெலும்பில் ஒரு விரலை வைத்து, அங்கிருந்து வலது பக்கமாக டேப்பைக் கொண்டுவந்து நடுநெஞ்சில் நிறுத்தினாள்.

"என்ன பண்ற?"

"பாதியை அளந்து ரெண்டால பெருக்குறேன். குளமோ கிணறோ குறுக்க வந்தா நாங்க இப்படித்தான் சமாளிப்போம்."

"என்னையும் கிணறுன்னு சொல்லிட்ட" என்றார் அண்ணி. குரலில் பழைய கத்தியின் பளபளப்பு லேசாகத் தெரிந்தது.

அடுத்தது நீச்சலுடைக்கே உரிய அளவு. தோளிலிருந்து இறங்கி, கால்களுக்கு நடுவே போய், முதுகு வழியாக ஏறி அதே தோளுக்கு வர வேண்டும். உடை மேலே இழுக்குமா, தொங்குமா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். டேப் போகிற இடத்துக்கெல்லாம் அண்ணி கூச்சத்தில் நெளிந்தார். "அட சனியனே, ஐஸ் மாதிரி இருக்கு!" இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, எண் தவறி, திரும்ப முதலிலிருந்து அளக்க வேண்டியிருந்தது.

"இப்ப மூச்சை முழுசா இழுங்க. தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னால இழுப்பீங்களே, அப்படி."

அண்ணி இழுத்தார். இருபத்தெட்டு வருஷத்து மூச்சு. விலாக்கள் விரிந்துகொண்டே போயின. விட்ட மூச்சுக்கும் இழுத்த மூச்சுக்கும் நடுவில் ஏழு சென்டிமீட்டர். இத்தனை பெண்களை அளந்ததில் நாலைத் தாண்டியவர்கள் இல்லை. சர்வேயரம்மா இரண்டையும் எழுதிக்கொண்டாள். வேண்டுமென்றே, "அவங்களும் நல்ல நீச்சல்காரங்கதான் போல" என்றாள்.

அண்ணி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ஒரு காலத்துல இருந்தா" என்றார்.

பட்டியலோடு ஒப்பிட்டதில் மார்பளவு ஒரு எண்ணைச் சொன்னது. தோளிலிருந்து தோளுக்கு வந்த அளவு இரண்டு எண் தள்ளிச் சொன்னது. அண்ணிக்குக் கால் குட்டை, உடம்பு நீளம். சர்வேயரம்மா தன் வழக்கப்படி படம் வரைந்து அந்தக் கடைக்கு எழுதினாள். மூச்சின் இரண்டு அளவுகளையும் சேர்த்தே கொடுத்தாள். நீள உடம்புக்கென்று தனியாக ஒரு வெட்டு இருக்கிறது, சின்ன எண்ணிலேயே அதை எடுங்கள், அகலத்தில் பெரியதை எடுத்தால் பையில் தண்ணீர் புகுந்து கனக்கும் என்று பதில் வந்தது. கடைப் பக்கத்தில் அந்த வெட்டு எங்கோ மூலையில் ஒளிந்திருந்தது. கேட்டிராவிட்டால் கண்ணிலேயே பட்டிருக்காது.

பார்சல் வந்தது. தபால் அலுவலகத்திலிருந்து வாங்கி வந்த கணவர் அதைப் பிரிக்காமல், என்னவென்றும் கேட்காமல், மேசையில் வைத்துவிட்டு, "அக்கா இன்னைக்கு வீட்டுலதான் இருக்கா" என்று மட்டும் சொன்னார். சர்வேயரம்மா கீழே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்து, படியில் எதிர்ப்பட்டபோது அண்ணி சொன்னார்: "அவளுக்குச் சரியா இருந்துச்சாம்."

"தோள்ல பிடிக்கலியே?"

"இல்லியாம். கண்ணாடி முன்னால ரொம்ப நேரம் நின்னாளாம்."

அதோடு சரி. ஒரு வாரம் ஆயிற்று, மூன்று வாரம் ஆயிற்று. அண்ணி சாவி மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். சர்வேயரம்மா நச்சரிக்கவில்லை. அளவு சரியாக இருந்தால் மட்டும் ஆள் இறங்கிவிடுவாளா என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் குளத்துத் தெரு வழியாக வேலைக்குப் போகிற நாட்களில் ஸ்கூட்டரை ஒரு நிமிஷம் மெதுவாக்கத்தான் செய்தாள்.

ஒரு புதன்கிழமை விடிந்ததும் கதவைத் தட்டும் சத்தம். அண்ணி பையோடு நின்றார்.

"ஆறரைக்குக் குளம் திறக்கும். ஏழு மணி வரைக்கும் யாரும் வரமாட்டாங்க. கூட வர்றியா?"

"நானா? எனக்கு நீச்சல் தெரியாதே."

"உன்னை யாரு நீந்தச் சொன்னா? துண்டைப் பிடிச்சுக்கிட்டு நில்லு."

குளத்தில் தண்ணீரைச் சுத்தம் செய்கிறவர் வலையை மடித்துக்கொண்டு போய்விட்டார். அண்ணி உடை மாற்றும் அறையிலிருந்து பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தார். கரு நீல உடை. கரையில் நின்று துண்டை எடுத்து நீட்டினார். சர்வேயரம்மா வாங்கிக்கொண்டு, முன்னும் பின்னும் ஒரு பார்வை பார்த்தாள். முதுகில் சுருக்கமில்லை. தோள்பட்டை நேராக நின்றது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தன.

"எப்படி இருக்கு?" என்றார் அண்ணி.

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு."

"எனக்குத்தான் வாங்கினேன்."

"தெரியும் அண்ணி."

"தெரியும்னு எனக்கும் தெரியும்." அண்ணி ஏணி வழியாக இறங்கவில்லை. கரையின் விளிம்பில் கால்விரல்களை மடக்கி நின்று, அந்தப் பெரிய மூச்சை இழுத்தார். அப்புறம் அவர் நின்ற இடத்தில் ஈரக் கால்தடம்தான் இருந்தது. சத்தமே எழும்பவில்லை, தண்ணீர் அவரை வாங்கி மூடிக்கொண்டது. சர்வேயரம்மா துண்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தேடினாள். பாதிக் குளத்துக்கு அப்பால் சுருள்முடித் தலை மேலே வந்தது. இடது கை வலதுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் எழுந்தது, முழுசாக நீளவில்லை. ஆனாலும் நிற்காமல் போனார். அந்தக் கரையைத் தொட்டுத் திரும்பினார். மறுபடி போனார். ஆறாவது தடவை திரும்பியபோது, மல்லாந்து மிதந்துகொண்டு விட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார். கட்டடம் முழுக்க எதிரொலித்தது. சர்வேயரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கையில் இருந்த அதே துண்டால்.

அடுத்த மாதம் சாவி மேசைக்கு வேறு ஆள் வந்தார். அண்ணி பழையபடி விசிலை மாட்டிக்கொண்டு, பயத்தில் கம்பியை விடாமல் தொங்குகிற பெண்களை அதட்ட ஆரம்பித்தார். முழுநாள் இல்லை, காலையில் மட்டும். கைக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்குப் பின் அண்ணி இருந்த வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி அண்ணி நீந்துவதைப் பார்த்துவிட்டு விவரம் கேட்டுப் போனாள். அதற்கப்புறம் வாரம் ஒருத்தியாவது சர்வேயரம்மாவின் வீட்டுப் படியேறி வந்தாள். தயங்கித் தயங்கி வருகிறவர்களிடம், "எனக்கும் இவதான் அளந்தா. டேப்பு ஐஸ் மாதிரி இருக்கும், அதைத் தவிர பயப்பட ஒண்ணுமில்ல" என்று அண்ணியே சொல்லி உட்கார வைத்தார். அப்படிப்பட்ட நாட்களில் கணவர் தானாகவே செய்தித்தாளை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீந்தி முடித்துவிட்டு, இரண்டு பேரும் குளத்துக்கு வெளியே சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவித்த முட்டையை உரித்து உப்புத் தொட்டுச் சாப்பிட்டபடி, அடுத்த உடை கரு நீலத்தில் வேண்டாம், நல்ல சிவப்பில் வேண்டும் என்றார் அண்ணி. தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்க வேண்டுமாம்.

"அதே எண்ணையே போட்டுடவா?"

"வேணாம். நீந்த ஆரம்பிச்சதுல இருந்து பசி பசின்னு தின்னு ரெண்டு கிலோ ஏறிட்டேன்." அண்ணி இரண்டாவது முட்டையைத் தட்டி உடைத்தார். "சாயங்காலம் வரேன், திரும்ப அள."